வட இத்தாலிக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? பொலெந்தாவும் கறி ராகூவும் பழகிக்கொள்ளுங்கள்

மிலானோ, தொரீனோ, பெர்காமோ, பாதோவா பக்கம் படிக்கவோ வேலைக்கோ வந்திருப்பவர்கள் சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள். அரிசி, பருப்பு எங்கே கிடைக்கும் என்று பலரும் சொல்லிவிட்டார்கள். நான் வேறு ஒன்று சொல்கிறேன். இந்த ஊர்க்காரர்கள் குளிர்காலத்தில் சாப்பிடும் பொலெந்தாவைக் கற்றுக்கொள்ளுங்கள். மக்காச்சோள ரவையைக் கிண்டி, மேலே நிதானமாக வெந்த ராகூ என்ற கறிச்சாற்றை ஊற்றிச் சாப்பிடுவது. கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு பாஸ்தாவைவிட இது சீக்கிரம் பிடித்துப்போகும். செலவு குறைவு. நான்கு பேர் சேர்ந்து வசிக்கும் வீட்டில் ஒரே சமையலில் எல்லோருக்கும் வயிறு நிறையும்.

முதலில் மாவு. ‘பிரமாத்தா’ என்று எழுதியிருந்தால் கொரகொரப்பான ரவை. வேக முக்கால் மணி நேரம் ஆகும், ருசி அதில்தான். ‘ஃபியோரெத்தோ’ நைசானது, குழைவாக வரும். ‘இஸ்தந்தானெயா’ ஏற்கெனவே வேகவைத்து உலர்த்தியது, ஐந்து பத்து நிமிடத்தில் தயார். வேலை முடிந்து களைத்து வரும் நாளுக்கு அது போதும். முதல் தடவை மட்டும் பிரமாத்தாவில் செய்து பாருங்கள். ‘தராஞ்ஞா’ என்று இருந்தால் அதில் பக்வீட் என்ற தானியத்தின் மாவும் கலந்திருக்கும், நிறம் கருமையாக இருக்கும். ‘அமிதோ தி மாயிஸ்’ பாக்கெட்டை எடுத்துவிடாதீர்கள், அது நம் ஊர் கான்ஃப்ளவர்.

அப்புறம் கறி. இதில் கவனம் வேண்டும். கடையில் கொத்துக்கறியை ‘மாச்சினாத்தோ’ என்பார்கள். ‘மிஸ்தோ’ என்று சேர்ந்திருந்தால் பெரும்பாலும் மாடும் பன்றியும் கலந்தது. மான்ட்ஸோ, போவீனோ, வித்தெல்லோ எல்லாம் மாட்டினம், மயாலே, சுயீனோ பன்றி, அன்யெல்லோ ஆட்டுக்குட்டி, பொல்லோ கோழி, தக்கீனோ வான்கோழி. ‘சல்சீச்சா’ என்ற தொத்திறைச்சி வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால் பன்றிதான். ‘ஸ்ட்ரூத்தோ’ பன்றிக் கொழுப்பு. சில ரொட்டி, பிஸ்கட்டில்கூட இருக்கும். மாடு, பன்றி சாப்பிடாதவர்கள் பெரிய ஊர்களில் உள்ள இஸ்லாமியக் கறிக்கடைக்குப் போய் ஆட்டுக்கறியைக் கொத்தித் தரச் சொல்லுங்கள். ராகூவுக்கு அது அருமையாக இருக்கும். கறி கவுண்டரில் எண் சீட்டு இயந்திரம் இருந்தால் முதலில் சீட்டைக் கிழித்துக்கொள்ளுங்கள். இங்கே ‘எத்தோ’ என்பது நூறு கிராம்; நானூறு கிராம் வேண்டுமென்றால் “குவாத்ரோ எத்தி” என்று கேட்டால் போதும்.

நான்கு பேருக்கு ஒரு பெரிய வெங்காயம், ஒரு கேரட், ஒரு தண்டு செலரி. மூன்றையும் எவ்வளவு பொடியாக முடியுமோ அவ்வளவு பொடியாக நறுக்கி, ஆலிவ் எண்ணெயில் சிறு தீயில் கால் மணி நேரம் வதக்குங்கள். சிவக்க வேண்டாம், இனிப்பு இறங்கினால் போதும். பிறகு தீயைக் கூட்டி 400 கிராம் கொத்துக்கறியைப் போட்டு, விட்ட நீர் முழுக்க வற்றி, அடியில் லேசாகப் பிடித்து நிறம் மாறும் வரை வறுக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் கறி வறுபடாமல் வெந்துவிடும், சாற்றில் ஆழம் வராது. அரை டம்ளர் சிவப்பு வைன் ஊற்றினால் அடியில் பிடித்தது கரைந்து வரும். வைன் வேண்டாம் என்றால் வெந்நீர் ஊற்றிச் சுரண்டுங்கள். 400 கிராம் பஸ்ஸாத்தா, அதாவது பாட்டிலில் வரும் வடிகட்டிய தக்காளிச் சாறு, ஒரு பிரிஞ்சி இலை, உப்பு, மிளகுத்தூள். மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்து, மிகச் சிறு தீயில் இரண்டு மணி நேரம். வற்றினால் வெந்நீர் சேருங்கள்.

இஞ்சி பூண்டு விழுதும் கரம் மசாலாவும் போடக் கை பரபரக்கும். தயவுசெய்து முதல் தடவை வேண்டாம். போலோஞ்ஞா நகரத்தில் ராகூவின் செய்முறையை 1982-இல் வர்த்தக சபையில் பதிவே செய்து வைத்தார்கள், 2023-இல் புதுப்பித்தார்கள். அதில் பூண்டு கிடையாது. வெங்காயம், கேரட், செலரி, கறி, நேரம் இவ்வளவும் சேர்ந்தே அந்த ருசியைக் கொடுக்கின்றன. அதை ஒரு முறை அறிந்தபின் காய்ந்த மிளகாய் கிள்ளிப் போடுங்கள், உங்கள் விருப்பம்.

ராகூ முக்கால்வாசி வெந்ததும் பொலெந்தாவை ஆரம்பியுங்கள். அடிகனமான உயரப் பாத்திரத்தில் ஒன்றேகால் லிட்டர் தண்ணீர், இரண்டு தேக்கரண்டி கல்லுப்பு. கொதி வந்ததும் 300 கிராம் மாவை ஒரு கையால் மழைபோலத் தூவி, மறு கையால் விடாமல் கலக்குங்கள். கட்டி தட்டும் என்று பயமாக இருந்தால், களிக்குச் செய்வதுபோல் கொஞ்சம் மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து முதலில் ஊற்றிக்கொள்ளலாம். இறுகத் தொடங்கியதும் தீயை நன்றாகக் குறைத்து மூடிவிடுங்கள். குமிழி வெடித்துக் கையில் தெறித்தால் கடுமையாகச் சுடும், நீளமான மரக்கரண்டியே பாதுகாப்பு. முன்பு செம்புப் பாத்திரத்தில் நின்றபடியே கிண்டுவார்கள். அடிகனமான பாத்திரம் என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு கிளறல் போதும். நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்தில் பாத்திரத்தின் ஓரத்தை விட்டு விலகி வரும். கொஞ்சம் வெண்ணெய், துருவிய பார்மெசான் சீஸ் சேர்த்து இறக்குங்கள்.

நண்பர்கள் வருகிறார்கள் என்றால் நடு இத்தாலிக்காரர்கள் செய்வதுபோல் செய்யலாம். அப்ரூட்ஸோ, மார்க்கே பக்கம் பெரிய மரப்பலகையில் பொலெந்தாவைக் கொட்டிப் பரப்பி, மேலே சாறும் கறியும் ஊற்றி, சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிடுவார்கள்.

கேள்வி கேட்டவர்களுக்கு:

“இண்டக்‌ஷன் அடுப்பில் செய்யலாமா?” தாராளமாக. ஆனால் இங்கே வீடுகளுக்குப் பொதுவாக 3 கிலோவாட் மின் இணைப்புதான். அடுப்பு எரியும்போது ஓவனும் வாஷிங் மெஷினும் சேர்ந்து ஓடினால் மீட்டரில் சுவிட்ச் விழுந்து கரண்ட் போய்விடும். மீட்டர் எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் இன்றே கேட்டு வையுங்கள்; பல கட்டடங்களில் கீழ்த்தளத்தில் இருக்கும்.

“காசு மிச்சம் பிடிக்க வெறும் பொலெந்தாவையே தினமும் சாப்பிடலாமா?” வேண்டாம் தம்பி. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இந்தப் பகுதியின் ஏழை விவசாயிகள் அப்படித்தான் வாழ்ந்தார்கள். பெல்லாக்ரா என்ற நோய் வந்து தோல் வெடித்து, மனம் கலங்கி, நிறையப் பேர் இறந்தார்கள். மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்ற வைட்டமினை உடலால் எளிதில் எடுத்துக்கொள்ள முடியாது. மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்ததால் அந்தக் குறை நீங்கியது, அந்த முறை ஐரோப்பாவுக்கு வந்து சேரவில்லை. கறியோ, மீனோ, பயறோ, கடலையோ கூடவே இருக்கட்டும்.

“சைவத்துக்கு?” கறிக்குப் பதில் காளானை அதேபோல் நீர் வற்ற வறுத்துச் செய்யுங்கள். உலர்ந்த போர்ச்சீனி காளான் கொஞ்சம் ஊறவைத்து, அந்த நீரையும் வடிகட்டி ஊற்றினால் சாறு கனமாக வரும். பார்மெசானில் பாலைத் திரிய வைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்கிறது, அதனால் கண்டிப்பான சைவர்கள் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

“மீந்தால்?” சூடாக இருக்கும்போதே தட்டில் கொட்டிச் சமன்படுத்தி வையுங்கள். ஆறினால் துண்டு போடலாம். மறுநாள் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் முறுகச் சுட்டு, மீந்த ராகூவோடு சாப்பிடுங்கள். பாத்திரத்தில் ஒட்டியதைத் தேய்த்துக் கஷ்டப்பட வேண்டாம், இரவு முழுக்கக் குளிர்ந்த நீர் ஊற்றி வைத்தால் ஏடாகப் பெயர்ந்து வரும்.