பிரான்சின் கார் குறைந்த கிராமத்துச் சாலைகள்: சைக்கிளில் போக நினைக்கும் புதியவர்களுக்கு

பிரான்சுக்குப் புதிதாக வந்த உறவுகள் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள்: சைக்கிள் நகரத்துக்குள் வேலைக்குப் போய்வர மட்டும்; நாட்டுப்புறத்தைப் பார்க்க வேண்டுமானால் முதலில் கார் வாங்க வேண்டும், அதற்கு முன் லைசென்ஸ் எடுக்க வேண்டும். அதெல்லாம் வரும்போது வரட்டும். ஓடக்கூடிய ஒரு சாதாரண சைக்கிளும் கையில் நவிகோ அட்டையும் (பாரிஸ் வட்டாரப் பயண அட்டை) இருந்தால் வருகிற ஞாயிற்றுக்கிழமையே நீங்கள் கிளம்பலாம். நான் பாரிஸ் பக்கம் இருப்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன். மற்ற ஊர்களில் இருப்பவர்களுக்கும் பயன்படும் விஷயங்கள் பின்னால் வரும்.

இந்த நாட்டில் சாலைகளின் மொத்த நீளம் 10 லட்சம் கிலோமீட்டருக்கும் அதிகம். அதில் ஆட்டோரூத்தும் (விரைவுச்சாலை) நசியோனாலும் (தேசிய நெடுஞ்சாலை) மிகச் சிறிய பங்குதான். மற்றவை டெபார்த்மோன் (மாவட்டம்) பராமரிக்கும் ‘டி’ சாலைகளும், கொம்யூன் (ஊராட்சி) பராமரிக்கும் சின்னச் சாலைகளும். கொம்யூன்கள் மட்டும் ஏறத்தாழ 35,000 இருக்கின்றன. நூறு பேர் வாழும் ஊருக்கும் ஒரு மெரி (ஊராட்சி அலுவலகம்) உண்டு, பக்கத்து ஊருக்குப் போக ஒரு தார்ச்சாலை உண்டு. போன நூற்றாண்டில் கிராமத்து ஜனங்களில் பெரும்பகுதி நகரங்களுக்குப் போய்விட்டது. லாரிகள் ஆட்டோரூத்துக்குப் போய்விட்டன. சாலைகள் மட்டும் அங்கேயே இருக்கின்றன. கார் குறைந்த பாதை என்று யாரும் தனியாகப் போட்டுத் தர வேண்டியதில்லை என்று நான் சொல்வது இதனால்தான். அது ஏற்கெனவே இருக்கிறது, கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும்.

கண்டுபிடிக்க மிஷ்லேன் வரைபடம் ஒன்று வாங்குங்கள். அதில் சிவப்பு என்றால் பெரிய சாலை, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை சின்னது. வெள்ளைச் சாலைகளை ஒன்றோடொன்று தொடுத்துக்கொண்டே போக வேண்டும். ஓரத்தில் பச்சைக் கோடு இருந்தால் காட்சி அழகான சாலை. ஆனால் பச்சைக் கோடு போட்ட சிவப்புச் சாலையை நம்பி இறங்கிவிடாதீர்கள். அழகு இருக்கும், கார்களும் இருக்கும். இரண்டு பெரிய ஊர்களை நேராக இணைக்கும் சாலை எதுவானாலும் ஒதுக்குங்கள். இரண்டு குட்டிக் கிராமங்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து போகிற சாலையைப் பிடியுங்கள். போனில் பார்ப்பவர்களுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சைக்கிளோஎஸ்எம் என்ற அடுக்கு இருக்கிறது, இலவசம்தான். கூகுள் காட்டும் கார் வழியை அப்படியே பின்தொடர்ந்தால் அது உங்களை மஞ்சளிலும் சிவப்பிலும்தான் கொண்டுபோய் விடும்.

வுவா வேர்த் (பசுமைப் பாதை) பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் பழைய ரயில் பாதை அல்லது கால்வாய்க் கரை. மோட்டார் வாகனம் நுழையக் கூடாது. பூர்கோஞ்ஞில் ஜிவ்ரியிலிருந்து குளூனி வரை போவது இவற்றில் முன்னோடி, 1990களில் திறந்தது, 44 கிலோமீட்டர். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகும். குழந்தைகளோடு போக, பல வருடம் சைக்கிள் தொடாதவர்கள் மறுபடி பழக, இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனாலும் என் மனம் வெள்ளைச் சாலைகள் பக்கம்தான். ரயில் பாதை ஊர்களைத் தொடாமல் மரங்களுக்கு நடுவே நேராகப் போய்விடும். வெள்ளைச் சாலை உங்களைத் தேவாலய வாசலுக்கும், துணி துவைத்த பழைய லவ்வாருக்கும், யாரோ ஒருவருடைய தக்காளித் தோட்டத்து வேலிக்கும் கொண்டுபோகும். இந்த நாட்டோடு பழக்கம் ஏற்படுவது அங்கேதான்.

சரி, எங்கே போவது?

முதல் பாதை பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பல் பக்கத்திலேயே இருக்கிறது. கடைத்தெருவிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் லா வில்லெத் நீர்த்தேக்கம். அங்கிருந்து ஊர்க் (Ourcq) என்ற கால்வாய் கிளம்புகிறது. பாரிசுக்குக் குடிநீர் கொண்டுவர 1802இல் நெப்போலியன் உத்தரவிட்டு வெட்டிய கால்வாய் இது. கரையோரமாகப் பொந்தேன், பொபினி, ஒல்னே, செவ்ரோன் என்று நம்மவர்கள் வாழும் ஊர்கள் வழியாகவே பாதை போகிறது. பல உறவுகளின் வீட்டிலிருந்து கால்வாய் ஐந்து நிமிடத் தூரம். செவ்ரோன் தாண்டினால் பழைய அரசாங்க வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்த காடு, இன்று பூங்கா. அப்புறம் கிளே-சூய்யி வரை போகலாம். வில்லெத்திலிருந்து கணக்குப் போட்டால் 25 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிறு பிற்பகலில் நடப்பவர்கள் கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

அது பழகியதும் நான் எல்லோருக்கும் சொல்வது மொரேன் ஆறுகளின் பள்ளத்தாக்குகள். கார் து லெஸ்ட் ரயில் நிலையத்தில் ‘பி’ (P) லைன் ரயிலேறி லா ஃபெர்த்தே-சூ-ஜுவாரில் இறங்குங்கள். எல்லா சோனுக்குமான நவிகோ இருந்தால் தனி டிக்கெட் வேண்டாம். முதலில் ஜுவாருக்கு ஒரு ஏற்றம். அங்கே மடமும், மெரோவிஞ்சியர் காலத்து நிலவறைக் கல்லறையும் இருக்கின்றன. பிறகு பெத்தி மொரேன் ஆற்றுக்கு இறங்கி, சேன்-சீர், ஓர்லி-சூர்-மொரேன், சப்லோனியேர் என்று ஆற்றோடு போய், ரெபே வழியாக மேட்டைக் கடந்து கிராண்ட் மொரேன் பக்கம் குலோமியேருக்கு இறங்கலாம். பாதையைத் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்து 40 முதல் 50 கிலோமீட்டர் வரும். குலோமியேரில் அந்த ஊர்ப் பெயரிலேயே சீஸ் கிடைக்கும். அங்கிருந்தும் அதே ‘பி’ லைன் உங்களைக் கார் து லெஸ்ட்டுக்குக் கொண்டுவந்துவிடும். ஆறு, கோதுமை வயல், கல் வீடுகள், இவ்வளவும் பாரிசிலிருந்து ஒரு மணி நேரத்தில்.

இரண்டு மூன்று நாள் விடுமுறை கிடைத்தால் லுவார் நதிக்கரை. நெவேருக்குப் பக்கத்திலிருந்து அட்லாண்டிக் கடல் வரை சுமார் 900 கிலோமீட்டருக்கு அடையாளப் பலகை போட்ட பாதை இருக்கிறது. முழுவதும் போக வேண்டியதில்லை. தூரில் இறங்கி அம்புவாஸ், புளுவா என்று அரண்மனைகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். காற்று பெரும்பாலும் கடல் பக்கமிருந்து, அதாவது மேற்கிலிருந்து வரும். நதி மேற்கே ஓடுவதால் அந்தத் திசைதான் இறக்கம் என்று நினைக்கத் தோன்றும். அந்தச் சரிவு காலுக்குத் தெரியாது, எதிர்க்காற்று நன்றாகத் தெரியும். உண்மையான தனிமை வேண்டுமானால் குரூஸ், கோந்தால், லொஸேர் ஆகிய டெபார்த்மோன்கள். லொஸேர் முழுக்கச் சேர்த்து 80,000 பேர்கூட இல்லை. அங்கே ஏற்றங்கள் கடுமை. கால் பழகிய பிறகு போங்கள்.

துலூஸ் உறவு ஒருவர் கனால் து மிதி கால்வாய் பற்றிக் கேட்டிருந்தார். துலூஸிலிருந்து கிளம்பும் முதல் 50 கிலோமீட்டர் அருமையான தார்ப் பாதை, யாரும் போகலாம். அதற்குப் பிறகு வேர்களும் கற்களும் நிறைந்த மண் பாதை நிறைய வரும், மெல்லிய டயரோடு போனால் கஷ்டப்படுவீர்கள். முழுத் தூரமும் போக ஆசையானால் அகலமான டயர் போடுங்கள், அல்லது கஷ்டமான இடங்களில் பக்கத்து வெள்ளைச் சாலைக்கு ஏறிவிடுங்கள்.

இனி பாதுகாப்பு. நம் ஊரில் பழகியது இடது பக்கம். பாரிசுக்குள் சுற்றிலும் வண்டிகள் இருப்பதால் வலது பக்கம் தானாக வந்துவிடும். வெறும் சாலையில்தான் ஆபத்து. ஓரமாக நிறுத்தி, தண்ணீர் குடித்து, போட்டோ எடுத்துவிட்டு மறுபடி ஏறும்போது பழைய பழக்கம் இடது பக்கம் இழுக்கும். திருத்த எதிரில் ஒரு கார்கூட இருக்காது. ஒவ்வொரு தடவை ஏறும்போதும் ‘வலது’ என்று வாய்விட்டே சொல்லுங்கள். அடுத்தது, கிராமத்துச் சந்திகளில் பலகை எதுவும் இல்லாவிட்டால் வலப்பக்கமிருந்து வருகிற வண்டிக்கே முன்னுரிமை. சின்னச் சந்திலிருந்து டிராக்டர் வந்தாலும் நீங்கள்தான் நிற்க வேண்டும். கார்கள் உங்களை முந்தும்போது ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டர், ஊருக்குள் ஒரு மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். ஆகவே புல்லை ஒட்டி ஓட்டாதீர்கள்; கொஞ்சம் உள்ளே தள்ளி ஓட்டினால் அவர்களும் ஒழுங்காக விலகிப் போவார்கள்.

ஹெட்போன் போட்டு ஓட்டினால் 135 யூரோ அபராதம். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஹெல்மெட் கட்டாயம். பெரியவர்களுக்குக் கட்டாயமில்லை, ஆனால் போடுங்கள். இருட்டிலோ மூடுபனியிலோ ஊருக்கு வெளியே ஓட்டினால் ஒளிரும் ஜிலே (கையில்லாத மேலங்கி) அணிந்திருக்க வேண்டும்.

இலையுதிர் காலத்திலிருந்து பிப்ரவரி கடைசி வரை வேட்டைக் காலம். ‘ஷாஸ் ஆன் கூர்’ (வேட்டை நடக்கிறது) என்று பலகை வைத்திருந்தால் காட்டுப் பாதைக்குள் போகாதீர்கள், தார்ச்சாலையிலேயே நில்லுங்கள். கோடையில் ‘கிராவியோன்’ என்று எழுதியிருந்தால் புதிதாகத் தாரும் சரளைக்கல்லும் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். வளைவில் பிரேக் பிடித்தால் சறுக்கிவிடும். பாரிசுக்குக் கிழக்கே ப்ரீ பக்கம் இலையுதிர் காலத்தில் பீட்ரூட் வண்டிகள் சாலையில் சேறு விட்டுப் போகும், அதுவும் வழுக்கும்.

சாப்பாட்டுக்கு முன்கூட்டியே யோசித்துவிடுங்கள். கிராமத்தில் பன்னிரண்டு மணிக்குக் கடை சாத்தினால் இரண்டு மணிக்குப் பிறகுதான் திறப்பார்கள், ஞாயிறு பிற்பகலில் அநேகமாக எதுவும் இருக்காது, திங்கட்கிழமை பூலாஞ்சரி (ரொட்டிக் கடை) கூடப் பல ஊர்களில் விடுமுறை. புளிச்சாதமோ இடியப்பப் பொதியோ கட்டிக்கொண்டு போவதுதான் உத்தமம். தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டம்: கிராமத்துக் கல்லறைகள் பலவற்றில் வாசலுக்குப் பக்கத்திலேயே குழாய் இருக்கும். ‘நோன் பொத்தாபிள்’ என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள்.

ரயிலில் சைக்கிள் ஏற்றுவது பற்றி: பாரிஸ் புறநகர் ரயில்களான ஆர்.இ.ஆரிலும் திரான்சிலியேனிலும் கட்டணம் இல்லை. வார நாட்களில் காலை, மாலை நெரிசல் நேரத்தில் அனுமதியில்லை, சனி ஞாயிறு தடையில்லை. டி.இ.ஆர். என்ற பிராந்திய ரயில்களில் பெரும்பாலும் இலவசம், ஆனால் கோடையில் சில பிராந்தியங்களில் சைக்கிளுக்கும் முன்பதிவு கேட்பார்கள். அதிவேக ரயிலான டி.ஜி.வி.யில் எல்லா வண்டியிலும் சைக்கிளுக்கு இடம் கிடையாது. டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள்.

தங்கை ஒருவர், “தனியாகப் போகலாமா, கிராமத்தில் நம்மை எப்படிப் பார்ப்பார்கள்?” என்று கேட்டிருக்கிறார். பார்ப்பார்கள்தான், ஏனென்றால் அந்தச் சாலையில் யார் போனாலும் பார்ப்பார்கள். நீங்கள் முந்திக்கொண்டு ‘போன்ஜூர்’ சொல்லுங்கள், பெரும்பாலும் பதில் வரும், வழியும் சொல்வார்கள். தயக்கமாக இருந்தால் முதலில் ஊரிலுள்ள சிக்ளோதூரிஸ்ம் (சைக்கிள் சுற்றுலா) கிளப்பில் சேருங்கள். பந்தயம் இல்லை, ஓய்வுபெற்றவர்கள்தான் அதிகம், பொறுமையாகப் பேசுவார்கள். பிரெஞ்சு பழகவும் நல்ல வழி. செஜூர் அட்டையோ (வதிவிட அட்டை) ரெசெபிசேயோ (அதற்கு விண்ணப்பித்த ரசீது) எப்போதும் பையில் இருக்கட்டும். அவசரத்துக்கு 112.

கடைசியாக இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்ட தம்பிக்கு: நீங்கள் சைக்கிளில் போய் இன்னொருவருக்குச் சேதம் செய்தால், அதைப் பெரும்பாலும் உங்கள் வீட்டு இன்ஷூரன்சில் இருக்கும் ‘ரெஸ்போன்சாபிலித்தே சிவில்’ பார்த்துக்கொள்ளும். பத்திரத்தை எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். அறையில் பகிர்ந்து இருப்பவர்கள் தங்கள் பெயரும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். கார் உங்களை மோதி உடல் காயம் பட்டால் 1985இன் பதேந்தேர் சட்டம் சைக்கிள்காரருக்கு வலுவான பாதுகாப்பு தருகிறது. “பரவாயில்லை” என்று சொல்லி எழுந்து வந்துவிடாமல், கார் நம்பரையும் சாட்சி சொல்லக்கூடியவர் நம்பரையும் எழுதிக்கொண்டு, அன்றே டாக்டரிடம் போய்ச் சான்றிதழ் வாங்குங்கள்.