புது கோச்சின் முதல் வருடக் கெடுபிடி: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அது டீமை உருவாக்குகிறதா?

கைல்ஃபீல்ட் குமரன்:

தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு கல்லூரி ஃபுட்பால் டீமுக்குப் புது கோச் வந்தால், அவருடைய முதல் வேலை ஆட்ட உத்தி சொல்லிக்கொடுப்பது இல்லை. யார் தங்கப் போகிறார்கள், யார் கிளம்பப் போகிறார்கள் என்று பிரிப்பதுதான். விடிகாலை ஓட்டம். வகுப்புக்குப் போகாவிட்டால் தண்டனை. தாமதமாக வந்தால் கதவு திறக்காது. இதைக் கொடுமை என்று இங்கே சிலர் எழுதுகிறார்கள். என்னால் ஏற்க முடியவில்லை.

நான் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மில் முதுகலை படித்தவன். அங்கே ஜங்க்ஷன் கதை எல்லோருக்கும் தெரியும். 1954-ல் "பேர்" (Bear, கரடி) என்ற பட்டப்பெயர் கொண்ட பிரையன்ட் கோச்சாக வந்தார். சீசன் தொடங்கும் முன்னால் டீமை பஸ்ஸில் ஏற்றி ஜங்க்ஷன் என்ற சின்ன ஊருக்குக் கொண்டுபோனார். டெக்சாஸில் கடும் வறட்சி, 38 டிகிரியைத் தாண்டும் வெயில், கல்லும் முள்ளுமான தரை. பத்து நாள் முகாம். இரண்டு பஸ்ஸில் போனவர்கள் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள் என்று சொல்வார்கள். மிஞ்சியவர்கள் ஏறக்குறைய 35 பேர். அந்த வருடம் ஒரு வெற்றி, ஒன்பது தோல்வி. அடுத்த வருடம் 7 வெற்றி, 2 தோல்வி, ஒரு டிரா. 1956-ல் ஒரு தோல்விகூட இல்லை, 1941-க்குப் பிறகு முதல் சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் (அந்தப் பகுதிக் கல்லூரிகளின் லீக்) பட்டம். முகாமில் தாக்குப்பிடித்த ஜீன் ஸ்டாலிங்ஸ் பின்னாளில் கோச்சாகி அலபாமாவுக்கு 1992 தேசியப் பட்டத்தை வாங்கித் தந்தார். அடியாத மாடு படியாது என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்?

மலர்விழி:

குமரன் அண்ணா, மாட்டுக்குச் சொன்னதை 19 வயதுப் பையனுக்குச் சொல்லாதீர்கள். நான் ஒரு கல்லூரியில் அத்லெடிக் ட்ரெய்னராக, அதாவது வீரர்களின் காயத்தையும் உடல்நலத்தையும் பார்ப்பவளாக வேலை செய்கிறேன். ஒரு பையன் சரிந்தால் முதலில் ஓடுவது எங்கள் ஆட்கள்தான்.

ஜங்க்ஷனில் நீங்கள் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. பயிற்சியின்போது தண்ணீர் கொடுக்கவில்லை. தண்ணீர் கேட்பவன் பலவீனமானவன் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. ஒரு வீரர் ஹீட் ஸ்ட்ரோக்கில் விழுந்து, பிழைத்ததே பெரிய விஷயம். அவர் பிழைத்ததால்தான் அதை இன்று வீரக்கதையாகச் சொல்ல முடிகிறது.

பிழைக்காதவர் ஒருவரைச் சொல்கிறேன். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஜோர்டன் மெக்நேர். 2018 மே 29 அன்று டீமோடு 110 கஜ ஓட்டங்கள் ஓடினார். மொத்தம் பத்து. முடிக்க முடியாமல் தள்ளாடினார். அறிகுறி தெரிந்ததிலிருந்து ஆம்புலன்ஸைக் கூப்பிடக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆனது. மருத்துவமனைக்குப் போனபோது உடம்புச் சூடு 106 டிகிரி ஃபாரன்ஹீட். ஜூன் 13 அன்று இறந்துபோனார். ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் உடனே இறக்கியிருக்க வேண்டும், அது நடக்கவே இல்லை. உடம்பை அரை மணி நேரத்துக்குள் குளிரவைத்துவிட்டால் ஹீட் ஸ்ட்ரோக்கில் ஏறக்குறைய எல்லோரையும் காப்பாற்றிவிடலாம் என்பது எங்கள் துறையில் முதலில் கற்றுக்கொடுக்கும் பாடம்.

கைல்ஃபீல்ட் குமரன்:

அந்தப் பையனின் மரணம் கொடுமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அது மருத்துவ அலட்சியம். கோச்சின் கண்டிப்பு வேறு விஷயம். இரண்டையும் கலக்காதீர்கள் மலர்.

மலர்விழி:

இரண்டும் ஒன்றோடு ஒன்று கலந்துதான் நடக்கிறது அண்ணா. மேரிலாந்தில் டிஜே டர்கின் 2015 கடைசியில் கோச்சாக வந்தவர். மெக்நேர் இறந்த பிறகு அந்த டீமின் சூழலை விசாரித்த குழு சொன்னதைப் பாருங்கள்: வீரர்கள் பலர் வாய் திறக்கப் பயந்தார்கள், அதனால் பிரச்சினைகள் புரையோடின. முடியவில்லை என்று சொல்வதே குற்றமாக இருக்கும் டீமில் ஒரு பையன் எப்படி உதவி கேட்பான்? பக்கத்தில் நிற்பவன்தான் அவனுக்காக எப்படிக் கேட்பான்? அக்டோபர் 30 அன்று பல்கலைக்கழக ஆட்சிக்குழு டர்கினை மறுபடி வேலைக்கு எடுக்கச் சொன்னது. மாணவர்களும் பெற்றோரும் கொதித்தார்கள். மறுநாளே பல்கலைக்கழகத் தலைவர் வாலஸ் லோ அவரை நீக்கினார்.

மேரிலாந்தில் அவருக்கு அது மூன்றாவது வருடம், புது கோச் கதை இல்லை என்பீர்கள். சரி, ஓரிகனை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் 4-8 (4 வெற்றி, 8 தோல்வி) என்று தோற்ற டீம். டிசம்பரில் வில்லி டாகர்ட் வந்தார். ஜனவரியில், விடுமுறை முடிந்து பையன்கள் திரும்பிய அடுத்த நாட்களிலேயே, புது ஸ்ட்ரென்த் கோச்சின் (உடல்வலுப் பயிற்சி தருபவர்) பயிற்சிக்குப் பிறகு மூன்று பேர் மருத்துவமனையில். தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலைதான் அங்கே பேச்சாக இருந்தது. ஸ்ட்ரென்த் கோச்சுக்கு ஒரு மாதம் சம்பளமில்லாத சஸ்பென்ஷன். அதைவிட முக்கியமான முடிவு, இனிமேல் அவர் ஃபுட்பால் கோச்சுக்குக் கீழே வேலை செய்ய மாட்டார் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. டாகர்ட் அந்த ஒரு சீசனோடு ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்குப் போய்விட்டார்.

பிராயரி பாலு:

குமரன், நீங்கள் சொன்ன 1956 டீமில் பெரிய பெயர் ஜான் டேவிட் க்ரோ. அடுத்த வருடம், சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கியவர். அவர் ஜங்க்ஷனுக்குப் போகவே இல்லை! 1954-ல் அவர் முதலாண்டு மாணவர். அன்றைய விதிப்படி முதலாண்டு மாணவர்கள் மெயின் டீமில் ஆட முடியாது, அதனால் முகாமுக்கும் போகவில்லை. ஜங்க்ஷனில் மிஞ்சியவர்கள் 1956-லும் சிலர் இருந்தார்கள், உண்மைதான். ஆனால் வெற்றியை முழுக்க அந்தப் பத்து நாளின் கணக்கில் எழுதுவது தப்பு. நல்ல ஆட்களைத் தேடிப் பிடித்தார் பிரையன்ட். அதிலும் விதியை மீறியதால் 1956 டீமால் பௌல் ஆட்டத்துக்கு (சீசன் முடிந்தபின் நல்ல டீம்களை அழைத்து நடத்தும் ஆட்டம்) போக முடியவில்லை.

நான் கான்சாஸில் இருப்பவன். எங்கள் ஊர்க் கதையைச் சொல்கிறேன். கான்சாஸ் ஸ்டேட் டீம் 1987, 1988 இரண்டு சீசனிலும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. நாட்டிலேயே மோசமான டீம் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். 1989 சீசனுக்கு பில் ஸ்னைடர் வந்தார். 16 இலக்குகள் எழுதிவைத்தார். ஈடுபாடு, சுயநலமின்மை, ஒற்றுமை, தினம் கொஞ்சமாவது முன்னேறுவது என்று போகும் பட்டியல். சாப்பாட்டு மேசையில் வெண்ணெய் எப்படி இருக்க வேண்டும் என்பது வரை கவனித்தார் என்பார்கள். நேரம், உடை, பேச்சு எல்லாவற்றிலும் கறார். முதல் வருடம் 1-10. அடுத்தது 5-6. அப்புறம் 7-4. 1993-ல் 9-2-1, அதில் ஒன்று டிரா. 1998-ல் வழக்கமான சீசன் ஆட்டங்களை 11-0 என்று முடித்தது அதே டீம். பாலைவன முகாம் இல்லை, பாதிப் பேரை ஓடவைத்துத் துரத்தவும் இல்லை. ஐந்து வருடம் ஒரே மாதிரி நடந்துகொண்டார், அவ்வளவுதான்.

கைல்ஃபீல்ட் குமரன்:

1998-ல் அந்த 11-0 டீமை பிக் 12 லீக்கின் இறுதி ஆட்டத்தில் 36-33 என்று கவிழ்த்தது எங்கள் ஏ அண்ட் எம் என்பதையும் எழுதியிருக்கலாமே பாலு!

ஸ்னைடரின் 16-ல் "உறுதியாக இரு" என்பதும் ஒன்று. அவர் பிராக்டிஸ் சுகமானது என்று அங்கே ஆடிய யாரும் சொன்னதில்லை. இன்னொரு உதாரணம் மிச்சிகன். 1969-ல் போ ஷெம்பெக்லர் வந்ததும் பலர் ஓடிப்போனார்கள். தங்குபவர்கள் சாம்பியன் ஆவார்கள் என்று பலகை எழுதி மாட்டினார். நவம்பர் 22 அன்று, தொடர்ந்து 22 ஆட்டம் ஜெயித்து முதலிடத்தில் இருந்த ஒஹையோ ஸ்டேட்டை 24-12 என்று வீழ்த்தினார்கள். அதற்கு முந்தின வருடம் அதே எதிரியிடம் 50-14 என்று அடிவாங்கிய டீம் அது. ஒரே வருடத்தில் வந்த மாற்றம். ஐந்து வருடம் காத்திருக்க எந்தக் கல்லூரி இன்று தயாராக இருக்கிறது?

ஆன் ஆர்பர் செல்வி:

அந்தப் பலகையின் அடியில், கிளம்பிப்போன ஒரு வீரர் எழுதிவிட்டுப் போனதையும் மிச்சிகனில் சொல்வார்கள்: போகிறவர்கள் டாக்டரும் வக்கீலும் பெரிய தொழிலதிபர்களும் ஆவார்கள். எனக்கு அந்த வரிதான் பிடிக்கும். விட்டுப்போனவன் எல்லாம் கோழை என்று நாம் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? படிக்க வந்த இடம் அது.

போர்டல் பிரபு:

எல்லோரும் பழைய காலத்திலேயே நிற்கிறீர்கள். 1973-லிருந்து ஸ்காலர்ஷிப் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டியதாக இருந்தது, பையனின் படிப்பே கோச்சின் பேனாவில். 2012-ல்தான் பல வருட ஸ்காலர்ஷிப் மறுபடி வந்தது. 2021-லிருந்து ஒரு வருடம் சும்மா உட்காராமல் வேறு கல்லூரிக்கு மாறி உடனே ஆடலாம். அதே வருடம் ஜூலையிலிருந்து விளம்பரப் பணமும் வாங்கலாம். இன்று யாராவது ஜங்க்ஷன் முகாம் போட்டால் மூன்றாம் நாள் பாதி டீம் டிரான்ஸ்ஃபர் போர்டலில், அதாவது கல்லூரி மாற விரும்புபவர்களின் பட்டியலில் இருக்கும்.

அதே சமயம் போர்டல் கோச்சுக்கும் கத்தி கொடுத்திருக்கிறது. 2022 டிசம்பரில் கொலராடோவுக்கு வந்த டியான் சாண்டர்ஸ் முதல் கூட்டத்திலேயே, போர்டலுக்குள் போங்கள், எனக்கு இடம் வேண்டும் என்று சொன்னார். 50 பேருக்கு மேல் போனார்கள். 1-11 டீம் 2023-ல் 4-8, 2024-ல் 9-4. கர்ட் சிக்நெட்டி இண்டியானாவுக்குத் தன் பழைய டீமான ஜேம்ஸ் மேடிசனிலிருந்து 13 பேரைக் கூட்டிவந்தார். 3-9 டீம் ஒரே சீசனில் 11-2. தன் வழக்கம் தெரிந்த பையன்களைக் கொண்டுவந்தால், புதுசாக வருபவன் அவர்களைப் பார்த்தே கற்றுக்கொள்வான். யாரையும் வெயிலில் வாட்ட வேண்டியதில்லை.

மலர்விழி:

பிரபு சொல்வதில் ஒன்று சேர்க்கிறேன். பணம் வாங்கும் நட்சத்திரம் மாறிப்போய்விடுவான். ஜோர்டன் மாதிரி இரண்டாம் வரிசையில் இடம் பிடிக்கப் போராடும் பையன் போக மாட்டான். அவன்தான் கடைசி ஓட்டம் வரை ஓடுவான். பாதுகாப்பு அவனுக்காகத்தான்.

என் கேள்வி ஒன்றுதான் அண்ணா. ஒழுங்கு வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தப்பு செய்தவனுக்கு ஏன் ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுக்க வேண்டும்? உடற்பயிற்சியை ஒருபோதும் தண்டனையாகப் பயன்படுத்தக் கூடாது என்று கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. தண்டனை ஓட்டத்துக்கு அளவு கிடையாது. கோச்சுக்குக் கோபம் தணியும் வரை ஓடு என்பதுதான் அளவு. அன்று அவனுக்குக் காய்ச்சலா, புது மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறானா, ரத்தத்தில் சிக்கிள் செல் (அரிவாள் வடிவ ரத்த அணு) மரபுக் கூறு இருக்கிறதா, எதையும் பார்ப்பதில்லை. கல்லூரி ஃபுட்பாலில் இந்த நூற்றாண்டில் ஆட்டத்தில் அடிபட்டு இறந்தவர்களைவிட கடும் பயிற்சிகளின்போது அடிபடாமலே இறந்தவர்கள்தான் அதிகம்.

கோச்சின் கையில் இதைவிடப் பெரிய ஆயுதம் இருக்கிறது. ஆட்டத்தில் உட்கார வைக்கலாம். பையன்களுக்கு அதைவிட வலிக்கும் தண்டனை கிடையாது.

பிராயரி பாலு:

மலர் சொன்னதற்கு உதாரணம் அதே பிரையன்ட்தான். 1963 டிசம்பரில் அவர் அலபாமாவில் இருந்தார். அவருடைய குவார்ட்டர்பேக் (டீமின் தாக்குதலை வழிநடத்துபவர்) ஜோ நேமத் டீம் விதியை மீறினார். நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். சீசனின் கடைசி ஆட்டமும் சுகர் பௌலும் பாக்கி. இரண்டுக்கும் சஸ்பெண்ட் செய்தார் பிரையன்ட். நேமத் இல்லாமலே மயாமியை 17-12, சுகர் பௌலில் ஓலே மிஸ்ஸை 12-7 என்று ஜெயித்தார்கள். சுகர் பௌலில் அலபாமாவின் அந்த 12 புள்ளியும் ஃபீல்ட் கோல்தான், பந்தை உதைத்தே எடுத்தது! நேமத் டீமை விட்டுப் போகவில்லை. அடுத்த சீசனில் திரும்பி வந்து ஆடினார், அலபாமா தேசியப் பட்டம் வாங்கியது. யாரும் மயங்கி விழவில்லை, டீம் முழுக்கப் பாடம் படித்தது.

கைல்ஃபீல்ட் குமரன்:

நல்ல உதாரணம் பாலு. ஆனால் பிரையன்ட்டால் அதைச் செய்ய முடிந்ததே, ஜங்க்ஷனில் என்ன செய்தார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால்தான். 1961-ல் அலபாமாவுக்குத் தேசியப் பட்டமும் வாங்கிக் கொடுத்துவிட்டார். அவர் வேலைக்கு ஆபத்தே இல்லை. முதல் வருடம், நாலு ஆட்டம் தோற்ற கோச் தன் நட்சத்திரத்தை உட்கார வைத்தால் பழைய மாணவர் சங்கமே அவரைத் துரத்தும்.

தண்ணீர், ஐஸ் தொட்டி, மருத்துவர் பேச்சே கடைசிப் பேச்சு, இதெல்லாம் கட்டாயம் வேண்டும். ஆகஸ்ட் முகாமின் முதல் ஐந்து நாள் உடம்பை வெயிலுக்குப் பழக்க வேண்டும் என்று 2003-ல் வந்த விதியும் நல்ல விதி. ஆனால் வகுப்பை வெட்டிய பையன் மறுநாள் ஐந்தரைக்கு மைதானத்துக்கு வந்தே ஆக வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மலர்விழி:

ஐந்தரைக்கு வரட்டும் அண்ணா. வந்து புத்தகத்தைத் திறந்து உட்காரட்டும், கோச்சும் எதிரில் உட்காரட்டும்.

டாலஸ் அப்பா:

என் மகன் ஹைஸ்கூல் டீமில் லைன்மேன், முன்வரிசையில் ஆடுபவன். அடுத்த மாதம் இரண்டு கல்லூரிகளுக்குக் கூட்டிப்போகிறேன், ஒன்றில் கோச் புதியவர். ஸ்டேடியமும் ஜிம்மும் சுற்றிக்காட்டுவார்கள், அது தெரியும். இதைப் படித்த பிறகு மூன்று கேள்வி எழுதிவைத்திருக்கிறேன். ஐஸ் தொட்டி மைதானத்திலிருந்து எவ்வளவு தூரம்? பயிற்சியை நிறுத்தச் சொல்லி ட்ரெய்னர் கை தூக்கினால் கோச் கேட்டாக வேண்டுமா? வகுப்புக்குப் போகாதவனுக்கு என்ன செய்வீர்கள்? மலர், வேறு எதைக் கேட்க வேண்டும்? ஸ்ட்ரென்த் கோச் யாருக்குக் கீழே வேலை செய்கிறார் என்று நேரடியாகக் கேட்டால் பையனுக்கு ஏதாவது கெட்ட பெயர் வருமா?

மலர்விழி:

வராது. வந்தால் அந்தக் கல்லூரி வேண்டாம். ட்ரெய்னரைத் தனியாகச் சந்திக்க வேண்டும் என்றும் கேளுங்கள், கோச் பக்கத்தில் இல்லாமல்.