எபேசு: கப்பல் டூரில் பார்த்தது பார்த்ததுதானா?

கரைவாசி:
போன மாதம் துருக்கியின் குஷாதசியில் கப்பல் நின்றபோது பழைய கிரேக்க-ரோமானிய நகரமான எபேசின் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு வந்தோம். பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மேல்வாசலில் இறக்கிவிட்டுக் கீழ்வாசலில் ஏற்றிக்கொண்டார்கள். வழியெல்லாம் இறக்கம், எழுபது வயது அம்மாவே நடந்துவிட்டார். இரண்டு மணி நேரம் தாராளம். கப்பல் டூர் வீண் என்பவர்கள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறீர்களா?

வழிப்போக்கன்:
போயிருக்கிறேன் சார், இரண்டு தடவை. மலைச்சரிவில் கூரை போட்டு வைத்திருக்கும் அடுக்கு வீடுகளுக்குள் போனீர்களா? தனி டிக்கெட், பல டூர்களில் சேர்ப்பதில்லை. சுவரில் ஓவியம், தரையில் மொசைக். ஊரில் ஆட்கள் குடியிருந்தார்கள் என்பதே அங்கேதான் உறைக்கும். கிரேக்கத் தேவி ஆர்ட்டெமிஸின் கோயில்?

கரைவாசி:
கோயிலா? பண்டைய உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்றுதான், சரி. இப்போது ஈரத் தரையில் ஒற்றைத் தூண், அதுவும் துண்டுகளை அடுக்கி நிறுத்தியது, உச்சியில் நாரைக்கூடு. அதற்காக ஒரு நாளா? செல்சஸ் நூலக முகப்பைப் பார்த்தோம். 1970களில் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் திரும்ப எழுப்பியது என்றாலும் கண் நிறைந்தது.

மீனா ஜே:
இருவருமே கடையை மறந்துவிட்டீர்களே! எங்கள் டூரில் அந்தப் பழைய திறந்தவெளி அரங்கத்துக்கு இருபது நிமிடம், கம்பளக் கடைக்கு ஒரு மணி நேரம். ஆப்பிள் டீயைக் கையில் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாக விரித்துப் போடுகிறார்கள், எழுந்து போகவும் கூச்சம். ஆனால் இந்த வியாபாரம் புதிதில்லை. ஆர்ட்டெமிஸ் தேவியின் சின்ன வெள்ளிக் கோயில்களைச் செய்து விற்ற தட்டான் தெமேத்திரியு, கிறிஸ்தவப் போதகர் பவுலின் பேச்சால் பிழைப்பு போகிறது என்று கலகம் கிளப்பியது அதே ஊரில். அந்த அரங்கத்தில் கூட்டம் இரண்டு மணி நேரம் கத்தியதாக பைபிளில் இருக்கிறது. நமக்கு இருபது நிமிடம்!

கரைவாசி:
சரி அக்கா, கடை தொல்லைதான். தனியாகப் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காதே? கப்பல்காரர்களின் டூர் என்றால் நிற்கும்.

வழிப்போக்கன்:
அது நியாயம். காலையிலேயே இறங்கி, எபேசுக்குப் பக்கத்து ஊரான செல்சுக் போகும் சிற்றுந்தைப் பிடித்தால் பயமில்லை என்பேன், அம்மாவோடு என்றால் யோசிக்கத்தான் வேண்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். அரங்கத்தின் மேல்படியில் ஏறினீர்களா? எதிரே நேராக ஒரு சாலை ஓடிப் புல்லில் முடியும். அதன் கோடியில்தான் துறைமுகம் இருந்தது. ஆறு கொண்டுவந்த வண்டல் தூர்த்துக்கொண்டே போய், இன்று கடல் சில கிலோமீட்டர் தள்ளி. ஒரு காலத்தில் கப்பலே வந்து நின்ற ஊருக்கு நீங்கள் பஸ் ஏறிப் போனது அதனால்தான்.

கரைவாசி:
மேலே ஏறவில்லை. வழிகாட்டியும் சொல்லவில்லை. இப்போது போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்… அம்மாவுக்குப் பின்னால் இருக்கிறது அந்தச் சாலை. நடுவில் ஒரு பூனை படுத்திருக்கிறது.