ஒரே ஒரு லொறிக்கு ட்ரான்ஸ்போர்ட் மனேஜர் வைப்பதா, நானே சோதனை எழுதுவதா?

ஹரோ லொறிக்காரன்:

வணக்கம். பதினொரு வருடமாக மற்றவர்களின் லொறிதான் ஓட்டுகிறேன். இப்போது சொந்தமாக ஒன்று எடுக்கப் பார்க்கிறேன். 18 டன், கேர்ட்டன் சைட் (பக்கங்களில் திரை போட்டது), 2014ஆம் ஆண்டு வண்டி, யூரோ 6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்). வேலையும் கையில் இருக்கிறது. எங்கள் ஆட்களின் மொத்த வியாபாரக் களஞ்சியம் ஒன்றிலிருந்து லெஸ்டர், பர்மிங்ஹாம் கடைகளுக்கு அரிசியும் மாவும் கொண்டுபோக வேண்டும். கிழமைக்கு நாலு ஓட்டம்.

இடிப்பது லைசென்ஸில். கூலிக்கு மற்றவர் சாமானை ஏற்றுவதால் ஸ்டாண்டர்ட் நேஷனல் ஓ லைசென்ஸ் (பிரிட்டனுக்குள் லொறித் தொழில் நடத்தும் அனுமதி) வேண்டுமாம். அதற்கு வண்டியையும் ஓட்டும் நேரத்தையும் மேற்பார்வை செய்கிற ட்ரான்ஸ்போர்ட் மனேஜர் ஒருவரைக் காட்ட வேண்டுமாம். லொறி ஒன்று. ஓட்டுவதும் நான், கழுவுவதும் நான். இதில் யாரை யார் மனேஜ் பண்ணுவது?

தெரிந்த ஒருவர், "மாதம் 100 பவுண் தா, என் பெயரைப் போடு, மற்றதை மறந்துவிடு" என்கிறார். இன்னொருவர் 275 கேட்கிறார். அவர் நேரில் வந்து வண்டியையும் பேப்பரையும் பார்ப்பாராம். என்னிடம் 35 மணித்தியாலம் முடித்த சிபிசி (தொழில் தகுதி) கார்ட் இருக்கிறது, அது காணாதா? இல்லை, மனேஜர் சோதனையை நானே படித்து எழுதவா? ஆங்கிலம் நன்றாகக் கதைப்பேன். எழுது என்றால் கை நடுங்கும். வயது 46.

வெள்ளை வான்:

ஏன் அண்ணை இந்தத் தலையிடி? 3.5 டன் லூட்டன் வான் (பெட்டி வைத்த வான்) ஒன்று எடுங்கள். நாட்டுக்குள் ஓடுவதற்கு ஓ லைசென்ஸும் வேண்டாம், மனேஜரும் வேண்டாம்.

ஹரோ லொறிக்காரன்:

தம்பி, லூட்டனில் ஒரு டன் ஏற்றினாலே எடை முட்டிவிடும். எனக்கு ஒரு ஓட்டத்துக்கு எட்டு டன் அரிசி. எட்டுத் தரம் லெஸ்டருக்குப் போய் வரவா?

ரிவர்ஸ் கியர்:

முதலில் அந்த கார்ட். உங்களிடம் இருப்பது சாரதிக்கான சிபிசி. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 35 மணித்தியாலம் வகுப்பில் குந்தியிருந்தால் வருவது. ட்ரான்ஸ்போர்ட் மனேஜர் சிபிசி வேறு, அது சோதனை எழுதி எடுப்பது. பெயர் ஒன்றாக இருப்பதால் பாதிப் பேர் இதில்தான் குழம்புகிறார்கள். நானும் குழம்பினேன்.

இனி அந்த 100 பவுண்காரர். எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார். மனேஜர் பெயரைப் பதியும் டிஎம்1 படிவத்தில் கையெழுத்துப் போட்ட அன்று ஒரு தேநீர் குடித்தோம். அதன்பிறகு ஆளைக் காணவில்லை. ஆறு கிழமைக்கு ஒருமுறை கராஜில் வண்டியைச் சோதிப்பார்கள்தானே, அந்தத் தாள்களை நான் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு சீற்றுக்குப் பின்னால் வைத்திருந்தேன். டாக்கோ கார்டை (ஓட்டிய நேரம் பதியும் கார்ட்) நினைத்தபோது டவுன்லோட் பண்ணினேன். பிறகு நினைக்கவே இல்லை.

ஒருநாள் எம்1 நெடுஞ்சாலையில் டிவிஎஸ்ஏ (வண்டிகளைச் சோதிக்கும் அரச நிறுவனம்) மறித்தது. முன் ரயரின் பக்கச்சுவரில் வெட்டு. உள்ளே நூல் தெரிந்தது. அந்த இடத்திலேயே வண்டியை எடுக்கக்கூடாது என்று நோட்டீஸ் தந்தார்கள். ரயர் மாற்றினால் முடிந்தது என்று நினைத்தேன். பிறகு ரெக்கோர்ட் எல்லாம் கொண்டுவரச் சொல்லிக் கடிதம் வந்தது. பையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் மனேஜரிடம் கொடுத்தேன். அவர் விடியவிடிய எல்லாத் தாளிலும் கையெழுத்து வைத்தார். ஒரே பேனை, ஒரே நீலம், பதினைந்து மாதத் தாளுக்கும். அதில் ஒரு திகதியில் வண்டி கியர்பொக்ஸ் கழற்றிய நிலையில் கராஜில் நின்றது. அன்றைக்கும் தினசரிச் சோதனை முடித்து "குறை எதுவும் இல்லை" என்று எழுதியிருந்தார்.

கடைசியில், ஓ லைசென்ஸைக் கொடுக்கவும் பறிக்கவும் அதிகாரம் உள்ள ட்ராஃபிக் கமிஷனர் முன்னால் விசாரணை. அவர் குரல் உயர்த்தவே இல்லை. கேட்டது ஒரே கேள்வி: "உங்கள் மனேஜரைக் கடைசியாக எப்போது நேரில் கண்டீர்கள்?" எனக்கு அந்த மனிதரின் முகமே நினைவுக்கு வரவில்லை. வங்கிக் கணக்கில் மாதாமாதம் போகும் நூறு பவுண்தான் வந்தது. அவர் மனேஜராக இருக்கும் தகுதியை இழந்தார். என் லைசென்ஸை இரண்டு கிழமை நிறுத்தினார்கள். அந்த இரண்டு கிழமையில் என் ஒப்பந்தம் வேறொருவர் கைக்குப் போனது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமையில்லை.

சட்டம் கேட்பது தொடர்ந்து, உண்மையாக மேற்பார்வை செய்கிற ஆளை. இரண்டு வண்டி வரைக்கும் கிழமைக்கு 2 முதல் 4 மணித்தியாலம் என்பது கமிஷனர்களின் வழிகாட்டல். வெளியிலிருந்து வரும் மனேஜர் ஒருவர் 4 லைசென்ஸ்காரருக்கு மேல், மொத்தம் 50 வண்டிக்கு மேல் பார்க்க முடியாது. ஆகவே 275காரரிடம் முதலில் கேளுங்கள்: ஏற்கெனவே எத்தனை பேருக்குப் பார்க்கிறீர்கள்? 28 நாளுக்கு ஒருமுறை என் கார்டையும், 90 நாளுக்கு ஒருமுறை வண்டியின் டாக்கோவையும் யார் இறக்குவது, யார் பார்ப்பது? பிரேக் ரோலர் (பிரேக்கின் பிடியை அளக்கும் சோதனை) தாள்களைக் கேட்பீர்களா? சிரித்து மழுப்பினால் எழும்பி வாருங்கள்.

என் கருத்து, ஒரு வருடத்துக்கு அவரை வையுங்கள். அதற்குள் நீங்களே படியுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், ஆனால் தலைகீழாக, அடி வாங்கிய பிறகு. இப்போது சோதனை பாஸ், மனேஜரும் நானே. ஒன்று மட்டும் கவனம்: ஓடி முடித்துக் களைத்து வந்த இரவில் உங்கள் டாக்கோவை நீங்களே பார்க்க வேண்டும். இடைவேளை இல்லாமல் நாலரை மணித்தியாலம் தாண்டி ஏழு நிமிடம் ஓடியிருந்தால் அதை எழுதி, உங்களுக்கு நீங்களே எச்சரிக்கைக் கடிதம் கொடுக்க வேண்டும். விசர் வேலை போலத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கடிதம் ஃபைலில் இருப்பதுதான் மறுபடி மறித்தபோது கை கொடுத்தது.

கணக்குப்பிள்ளை:

காசுப் பக்கம் மட்டும் சொல்கிறேன். முதல் வண்டிக்கு 8,000 பவுண், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 4,500 கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். சீட்டுக்காசை ஒருநாள் கணக்கில் போட்டு ஸ்டேட்மென்ட் எடுத்தால் சரி என்று நினைக்காதீர்கள். புதிதாகக் கேட்பவருக்கு 28 நாள் சராசரி பார்ப்பார்கள். சொந்தக் கடைச் சாமானை மட்டும் ஏற்றுகிறவருக்கு ரெஸ்ட்ரிக்டட் லைசென்ஸ் போதும், அதற்கு மனேஜர் தேவையில்லை. ஆனால் நீங்கள் மற்றவரின் அரிசியைக் கூலிக்கு ஏற்றுகிறீர்கள். அது உங்களுக்குச் சரிவராது.

சமையலறை ஒஃபிஸ்:

அண்ணா, எல்லாரும் உங்களைப் படி என்கிறார்கள். எங்கள் வீட்டில் சோதனை எழுதியது நான். கணவருக்கு இரண்டு லொறி, அவர் எப்போதும் ரோட்டில். நான் கொம்பனியில் டைரக்டர், அதனால் உள் மனேஜராக என் பெயர்.

சோதனையில் இரண்டு பகுதி. முதலாவது 60 கேள்வி, விடையைத் தெரிவு செய்வது, புத்தகம் திறக்க முடியாது. எனக்கு 42 வேண்டியிருந்தது. முதல் தரம் 39. லொறிக் கேள்வியில் பிழைக்கவில்லை, கொம்பனிச் சட்டத்திலும் வேலைச் சட்டத்திலும்தான் விழுந்தேன். அதை மட்டும் மூன்று கிழமை படித்து மறுபடி எழுதினேன். இரண்டாவது கேஸ் ஸ்டடி. அதற்குக் குறிப்புகளைக் கொண்டுபோகலாம். ஆனால் புரட்டிக்கொண்டிருக்க நேரம் கிடைக்காது. நான் ஃபைலில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறத் தாள் ஒட்டியிருந்தேன்: ஓட்டும் நேரத்துக்குச் சிவப்பு, செலவுக் கணக்குக்கு மஞ்சள். பக்கத்து மேசைப் பையன் கொண்டுவந்த பெட்டியில் ஐந்து கிலோ பேப்பர் இருந்திருக்கும். கடைசி மணி வரைக்கும் தேடிக்கொண்டே இருந்தான்.

அழகான ஆங்கிலத்துக்கு அங்கே புள்ளி கிடையாது. "ஓட்டும் நேரம் நாளுக்கு 9 மணித்தியாலம், கிழமையில் இரண்டு நாள் 10" என்று குறிப்பாக எழுதினாலே போதும். உங்கள் கை நடுங்கினால் வீட்டில் நடுங்காத கை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹரோ லொறிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. 100 பவுண்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டார். 275காரருக்கு போன் எடுத்தேன். மூன்று பேருக்குப் பார்க்கிறாராம், நான் நாலாவது. போனிலேயே வண்டி நம்பரைக் கேட்டு, பழைய எம்ஓடி (வருடாந்த வண்டிச் சோதனை) வரலாற்றைத் தேடி, "2021இல் பிரேக்கில் விழுந்திருக்கிறது, அதைத் திருத்திய பில்லைக் கேட்டு வாங்கு" என்றார். இன்னும் ஒரு சதம் வாங்கவில்லை! அவரையே வைக்கப்போகிறேன்.

மனைவியிடம் சோதனைக் கதையை எடுத்தேன். "ஓடுறது நீங்கள், படிக்கிறது நானோ?" என்றாள். பிறகு அந்த நிறத் தாள் விசயத்தை இரண்டு தரம் கேட்டாள். சமையலறை ஒஃபிஸ் தங்கச்சி, உங்கள் புத்தகம் இன்னும் இருக்கிறதா?

சமையலறை ஒஃபிஸ்:

இருக்கிறது. ஆனால் பழைய பதிப்பு. சட்டம் மாறிய இடங்களில் பென்சிலால் வெட்டியிருக்கிறேன். அக்காவிடம் சொல்லுங்கள், கொம்பனிச் சட்ட அத்தியாயத்தை முதலில் திறக்கட்டும்.