தேய்ந்த முழங்காலை ஏன் அசைக்கச் சொல்கிறார்கள்?

தையல்காரி:
வயது 58. தையல் இயந்திரத்தை மிதித்தே காலம் ஓடிவிட்டது. வலது முழங்காலில் மூட்டுத் தேய்மானம் என்று சொல்லி மருத்துவர் பிசியோதெரபிக்கு அனுப்பியிருக்கிறார். தேய்ந்ததை அசைத்தால் இன்னும் தேயாதா? வீட்டில் கேட்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள்.

பிசியோதெரபிஸ்ட்:
அளவோடு செய்தால் தேயாது, அக்கா. தேய்வது எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு; அதற்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அழுந்தி விடுபடும்போது வந்துபோகும் திரவம்தான் அதற்கு உணவு. அசைக்காமல் இருந்தால் தொடைத் தசை இளைத்து, சுமை மூட்டின் மேல் விழும். மல்லாந்து படுத்து, காலை மடக்காமல் உயர்த்தி 5 விநாடி நிறுத்திப் பழகுங்கள். பயிற்சியால் கூடிய வலி 2 மணி நேரத்தில் அடங்காவிட்டால் அடுத்த முறை குறையுங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள். மூட்டு சூடாகி வீங்கினாலோ, காலைநேர விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். அது உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதமாகவும் இருக்கலாம்.

ஓய்வுபெற்றவன்:
ஊன்றுகோலை வலிக்காத பக்கத்துக் கையில் பிடியுங்கள் அம்மா. பலரும் வலிக்கிற பக்கமே பிடித்து நடப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

தையல்காரி:
ஊன்றுகோல் இருக்கட்டும், ஐயா. என் இயந்திரத்தை விட்டுவிட வேண்டுமா? அதை யாராவது சொல்லுங்கள்.

பிசியோதெரபிஸ்ட்:
வேண்டாம். முழங்கால் அதிகம் மடங்காதபடி இருக்கையை உயர்த்துங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். மோட்டார் பொருத்த முடிந்தால் இன்னும் நல்லது.

தையல்காரி:
மோட்டாரா? வேகம் என் கைக்கு அடங்காதே! முதலில் இருக்கையை உயர்த்திப் பார்க்கிறேன், தம்பி.