தில்லி புகாராவுக்கு அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

கோவைக்காரன்:
அடுத்த மாதம் அப்பா அம்மாவோடு தில்லி போகிறேன். அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார், அதற்காக ஒரு நாள் ராத்திரி நல்ல இடத்தில் சாப்பிட வைக்க ஆசை. ஐடிசி மௌரியா ஓட்டலுக்குள் இருக்கும் புகாரா உணவகத்தைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அம்மா சைவம். அப்பாவுக்கு ஆட்டுக்கறி என்றால் உயிர், ஆனால் முட்டி வலி உண்டு. சைவத்துக்கு அங்கே உருப்படியாக ஏதாவது இருக்கிறதா? மூன்று பேருக்கு எவ்வளவு சொன்னால் போதும்?

கரோல்பாக் தமிழன்:
தாராளமாகப் போங்க. அந்த இடம் பெயர் வாங்கியதே ஒரு சைவப் பதார்த்தத்தால்தான், தால் புகாரா. முழுக் கறுப்பு உளுந்தை ராத்திரி முழுக்கத் தந்தூர் தணலில் மெல்ல வேகவிட்டு, தக்காளி, இஞ்சி பூண்டு, வெண்ணெய், க்ரீம் சேர்ப்பார்கள். ராஜ்மா கலப்பதில்லை. அவ்வளவு நேரம் சிறு தீயில் கிடப்பதால் பருப்பு தானாகக் கரைந்து கூழாகிவிடும், வேறு எதையும் போட்டுக் கெட்டியாக்கத் தேவையே இல்லை. அம்மாவுக்கு இதோடு தந்தூரி ஆலு ஒன்று சொல்லுங்க. அப்பாவுக்குச் சிக்கந்தரி ரான், ஆட்டுக்குட்டியின் முழுத்தொடை, அவர் ஒருவரால் முடியாது, நீங்களும் கூட உட்காரணும். ரொட்டிக்கு ‘நான் புகாரா’ என்ற நான் ரொட்டி ஒன்றே ஒன்று சொன்னால் போதும், அவ்வளவு பெரியது. ஆசையில் நிறைய ஆர்டர் செய்துவிடாதீங்க, அந்தப் பருப்பு வயிற்றை அடைத்துவிடும்.

அடையாறு அக்கா:
தம்பி, முட்டி வலி என்று சொன்னதால் எழுதுகிறேன். அங்கே உட்காரத் தாழ்வான மர ஸ்டூல்தான், பெரும்பாலும் முதுகுக்குச் சாய்வு கிடையாது. டேபிள் சொல்லும்போதே பெரியவர் வருகிறார், சுவரோரமாகச் சாய்ந்து உட்கார இடம் கிடைக்குமா என்று கேட்டுவிடு. கையால்தான் சாப்பிடுவார்கள், கழுத்தில் கட்டிக்கொள்ள ஏப்ரன் தருவார்கள், அதனால் ஸ்பூன் ஃபோர்க் பழக்கம் இல்லையே என்று அம்மா கூச்சப்பட வேண்டியதே இல்லை. எனக்கு அந்த இடத்தில் ரொம்பப் பிடித்ததே இதுதான், கிளின்டனும் ஒபாமாவும் வந்து போன இடத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் வீட்டில் சாப்பிடுவதுபோலவே சாப்பிடலாம்.

பில் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிப் பெரிய ஓட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் ஜிஎஸ்டி 18 சதவீதம், வெளியே சாதாரண உணவகத்தில் 5தான். மெனுவில் 10,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் வரியோடு 11,800. சர்வீஸ் சார்ஜ் என்று எங்கே சேர்த்திருந்தாலும் எடுக்கச் சொல்லலாம், அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்ற 2022 வழிகாட்டுதலை 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது.

சமையல்பித்தன்:
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். ஆட்டுக்கறிப் பிரியர் என்றால் அதே ஓட்டலில் இருக்கும் தம் புக்த் என்ற உணவகத்தையும் யோசிங்க. லக்னோ பக்கத்து அவத் பகுதிச் சமையல், பத்மஸ்ரீ வாங்கிய இம்தியாஸ் குரேஷி உருவாக்கிய இடம். காக்கோரி கபாப் வாயில் போட்டால் கரையும், பிரியாணியை மாவு ஒட்டி மூடி தம் போடுவார்கள். சரியான நாற்காலி இருக்கிறது, சத்தமும் குறைவு. புகாராவில் தந்தூர் வேலைதான் முழுக்க, குழம்பு வகை தேடுபவருக்கு அது சலித்துவிடலாம்.

கோவைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் பருப்பைப் பற்றிப் படித்துக் காட்டினேன், நம் வீட்டு உளுந்தில் ராத்திரி முழுக்க என்ன செய்கிறார்கள் என்று பார்க்கணுமாம், அதனால் புகாராதான். சுவரோர இடம் கேட்டு நாளைக்கே போன் செய்கிறேன். எட்டு மணிக்குப் போனால் காத்திருக்க வேண்டி வருமா?

கரோல்பாக் தமிழன்:
வரும். ஏழு மணிக்கே போய்விடுங்க, கண்ணாடிக்குப் பின்னால் அவர்கள் கம்பியில் கறி கோத்துத் தந்தூரில் இறக்குவதையும் அப்பா நிதானமாகப் பார்க்கலாம்.