பிளாக்பெர்ரி ஜாம் இறுகவில்லை

கேள்வி:
வணக்கம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், ஆகஸ்ட் இறுதியில் வேலியோரம் பறித்த ஒரு கிலோ பிளாக்பெர்ரியைச் சம எடை சர்க்கரையுடன் காய்ச்சினேன். ஆறிய பின்னும் பாகு போல ஓடுகிறது. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
தொட்டதும் கையோடு வரும் அளவுக்குக் கனிந்த பழத்தில் ஜாமை இறுகச் செய்யும் பெக்டின் என்ற பொருள் குறைவு என்பதால், புளிப்பு ஆப்பிளை வேகவைத்து மசித்த கூழையும் எலுமிச்சைச் சாற்றையும் சேர்த்து, 105 பாகை செல்சியஸ் வரை மீண்டும் கொதிக்க விடுங்கள். குளிர்ந்த தட்டில் விட்ட சொட்டை விரலால் தள்ளினால் மேற்பரப்பு சுருங்க வேண்டும்.

மறுமொழி 2:
மீதிப் பழத்தைத் தட்டில் பரப்பி உறையவைத்த பிறகு பையில் போட்டால் ஒட்டிக்கொள்ளாது. செப்டம்பர் 29க்குப் பின் பழத்தில் சாத்தான் எச்சில் துப்புவான் என்பது இந்நாட்டுப் பழைய நம்பிக்கை; உண்மையில் ஈரத்தில் பூஞ்சை பிடித்துச் சுவை கெடுகிறது.

கேட்டவர்:
ஆப்பிள் சேர்த்ததும் இறுகிவிட்டது. விதைதான் பல்லில் மாட்டுகிறது.